பாலைக்கும் வீரைக்கும் நடுவே ஒரு தட்டு: காட்டுக்காணியில் டிஸ்க் கோல்ப் விளையாடத் தொடங்குவோருக்கு

டிஸ்க் கோல்ப் என்பது கோல்ப் விளையாட்டின் கணக்கை வைத்துக்கொண்டு, பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகக் கையால் தட்டு எறியும் விளையாட்டு. ஓரிடத்தில் நின்று எறிவீர்கள். தட்டு விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து மறுபடி எறிவீர்கள். கடைசியில் ஒரு கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளில் பட்டு, கீழே உள்ள கூடைக்குள் தட்டு விழ வேண்டும். எத்தனை எறிதலில் விழுத்தினீர்களோ அதுதான் உங்கள் புள்ளி. குறைய எறிந்தவர் வென்றார். இப்படி 9 அல்லது 18 கூடைகள் சேர்ந்தால் ஒரு தடம்.

புல்வெளியிலும் விளையாடலாம், காட்டுக்குள்ளும் விளையாடலாம். நான் இங்கே எழுதுவது காட்டுத் தடத்தைப் பற்றி, அதிலும் ஒருவருடைய சொந்தக் காணிக்குள் இருக்கும் காட்டுத் தடத்தைப் பற்றி. இலங்கையின் வடக்கே வன்னியில் இருப்பவர்களுக்கு அதுதான் கைக்கெட்டிய வழி. கோல்ப் மைதானத்துக்குக் கொட்டும் காசும் தண்ணீரும் நம்மிடம் இல்லை. ஆனால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம், துணுக்காய்ப் பக்கங்களில் ஏக்கர் கணக்கில் மேட்டுக்காணி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தக் காணிகளின் பின்பாதியில் பாலை, வீரை, முதிரை மரங்கள் வெட்டுப்படாமல் நிழலோடு நிற்கின்றன. தட்டுகள் கனடாவிலிருந்தோ நோர்வேயிலிருந்தோ வரும் சொந்தங்களின் பெட்டிக்குள் வந்துவிடும். இரண்டு நாடுகளிலும் இந்த விளையாட்டு நன்றாகப் பரவியிருக்கிறது.

இதற்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்து, ஃபிரிஸ்பி தட்டை நேராகப் பறக்கும்படி திருத்தியவர் அவர்தான். 1975இல் கலிபோர்னியாவின் லா கன்யாடா பகுதியிலுள்ள ஓக் குரோவ் பூங்காவில் முதலாவது நிரந்தரத் தடத்தை அமைத்தார். முதலில் இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, படாமல் போனதா என்று ஓயாத வாக்குவாதம். அதைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடை வந்தது. 1977இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1976இல் அவர் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ப் சங்கத்தின் விதிகளைத்தான் இன்றும் எல்லா நாட்டிலும் பின்பற்றுகிறார்கள். 2002இல் அவர் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். ஒரு விளையாட்டின் மேல் அவ்வளவு பற்று வைக்க முடியும் என்பதை நினைக்க எனக்கு இப்போதும் மனம் நெகிழ்கிறது.

தனியார் தடம் என்றால்

அமெரிக்காவில் பெரும்பாலான தடங்கள் பொதுப் பூங்காக்களில் இருக்கின்றன, காசு இல்லாமல் விளையாடலாம். ஆனாலும் பேர்பெற்ற சில தடங்கள் தனியார் காணியில்தான் உள்ளன. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லெஸ்டர் என்ற ஊரில் இருக்கும் மேப்பிள் ஹில், நத்தார் மரம் வளர்க்கும் ஒரு பண்ணைக்குள் அமைந்த தடம். உலகின் முதல்தர வீரர்கள் வந்து விளையாடும் போட்டி அங்கே நடக்கிறது. மற்ற நாட்களில் கட்டணம் செலுத்திவிட்டு சாதாரண ஆட்களும் விளையாடலாம். இதைவிடச் சின்னதாக, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில் சொந்தக்காரரே பாதை வெட்டி, கூடை நட்டு, வாசலில் ஒரு உண்டியலை வைத்துவிட்டுத் தெரிந்தவர்களை விளையாட விடும் தடங்களும் உண்டு.

அந்த உண்டியலுக்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில், பொழுதுபோக்குக்காகத் தன் காணியைக் காசு வாங்காமல் திறந்துவிடும் சொந்தக்காரருக்கு, அங்கே யாராவது விழுந்து காயப்பட்டால் வரும் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் உள்ளன. கட்டணம் வாங்கத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு பலவீனப்படும். பின்லாந்தில் கதை வேறு. அங்கே யாருடைய காடாக இருந்தாலும் நடந்து போகவும் காட்டுப்பழம் பறிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் கூடை நட்டுத் தடம் போட வேண்டுமென்றால் அங்கேயும் காணிக்காரரின் சம்மதம் வேண்டும். நம் நாட்டில் அப்படி நடந்து போகும் உரிமைகூட இல்லை. ஒருவரின் வேலிக்குள் கால் வைப்பதே அவருடைய தயவில்தான்.

ஆகவே தனியார் தடத்தில் முதல் விதி கேட்டுவிட்டு வருவது. யார் வருகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே சொல்ல வேண்டும். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேராகப் போய் நிற்பது வீட்டுக்காரரைச் சங்கடத்தில் தள்ளும். மோட்டார் சைக்கிளை அவர் காட்டிய இடத்தில் விட வேண்டும். மரத்தின் கொப்பை முறிக்கக் கூடாது. உங்களுக்கு மறைப்பாக இருக்கும் அந்தக் கொப்பு அவருக்குத் தோரணத்துக்கோ ஆட்டுக்கோ வேண்டியதாக இருக்கலாம், அல்லது அந்த இடத்தில் விளையாட்டே அந்தக் கொப்புதானாக இருக்கலாம். பிளாஸ்டிக் போத்தல், கச்சான் சரை, எல்லாம் கொண்டுவந்தவரோடேயே திரும்பிப் போக வேண்டும்.

இதில் அதிகம் மறந்துபோவது படலை. நான் விளையாடும் காணி என் மாமாவுடையது. அவர் வாங்கிலிருந்து எழும்பாமலே சொல்வது இரண்டே விஷயம். "தம்பி, படலையைச் சாத்திப்போட்டுப் போ. மாடு நிக்குது." அதற்குப் பிறகு, "கிணத்தடியால எறியாதையுங்கோ, மாமி தண்ணி அள்ளுவா." என்னிடம் ஒருமையிலும், கூட வந்த பெடியளிடம் மரியாதையோடும் அவர் சொல்லும் இந்த இரண்டும் எந்தச் சங்கத்தின் விதிப்புத்தகத்தையும்விட அந்தக் காணியில் மேலானவை. தடம் போடும்போதே கிணற்றடி, வீட்டு முற்றம், மாட்டுப்பட்டி மூன்றையும் எறியும் திசைக்கு வெளியே வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

கையில் எடுக்கும் தட்டு

கடற்கரையில் எறிந்து பிடிக்கும் அகலமான தட்டு இதற்கு உதவாது. டிஸ்க் கோல்ப் தட்டு சின்னது, கனமானது, விளிம்பு சரிவானது. அந்தச் சரிவு விளிம்பு 1983இல் இனோவா நிறுவனத்தின் ஈகிள் என்ற தட்டோடு வந்தது. காற்றை வெட்டிக்கொண்டு போவது அதனால்தான். விதிப்படி விட்டம் 21 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது, நிறை விட்டத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 8.3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் பார்த்தால் 21.1 சென்ரிமீற்றர் தட்டு 175 கிராமில் நிற்கும். கடையில் கிடைக்கும் பல தட்டுகளில் 175 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

தட்டுகளை மூன்று வகையாகப் பார்க்கலாம். கூடைக்குள் போடுவதற்கும் கிட்டிய எறிதலுக்கும் புட்டர். நடுத்தூரத்துக்கு மிட்ரேஞ்ச். தூரத்துக்கு டிரைவர். இனோவா தட்டுகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும். வேகம், மிதப்பு, வேகமாகப் போகும்போது எந்தளவு வலப்பக்கம் திரும்பும், வேகம் குறையும்போது எந்தளவு இடப்பக்கம் மடங்கும் என்பவை அவை. வலக்கைக்காரர் உட்பக்கமிருந்து வெளியே வீசும் எறிதலை வைத்து இந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். ஏவியார் என்ற புட்டருக்கு 2, 3, 0, 1. டெஸ்ட்ரோயர் என்ற டிரைவருக்கு 12, 5, -1, 3.

புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 12ஐ வாங்குகிறார்கள். வேகம் 12 என்றால் தட்டு தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை. அந்த வேகத்தில் எறிந்தால்தான் அது ஒழுங்காகப் பறக்கும் என்றுதான் அர்த்தம். அந்த வேகம் கையில் இல்லாதவர் எறிந்தால் தட்டு கொஞ்சத் தூரம் போய் இடப்பக்கம் சரிந்து பற்றைக்குள் இறங்கிவிடும். காட்டுத் தடத்துக்கு முதல் தட்டு ஒரு புட்டர், இரண்டாவது ஒரு மிட்ரேஞ்ச். டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் நல்ல மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1). ஒரு வருடத்துக்கு இந்த இரண்டும் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

நிறமும் முக்கியம். கோடையில் நம் காட்டு நிலம் செம்மண்ணும் சருகுமாக இருக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மூன்றும் அதற்குள் மறைந்துவிடும். மாரியில் பச்சை மறையும். கடும் ரோஸ் நிறமும் வெளிர்நீலமும் இரண்டு காலத்திலும் கண்ணுக்குத் தெரியும். தட்டின் அடியில் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அழியாத மையால் எழுதுங்கள்.

ஏன் இடப்பக்கம் மடங்குகிறது

இதை விளங்கிக்கொண்டால் காட்டுக்குள் பாதி வேலை முடிந்தது. வலக்கையால் வழக்கமாக வீசும்போது தட்டு, மேலிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறையத் தட்டு தாழத் தொடங்கும். அப்போது காற்று அதன் முன்பக்க அடியில் கூடுதலாக முட்டி முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கும். சுழலாத பொருளாக இருந்தால் முன்பக்கம் அப்படியே நிமிர்ந்துவிடும். சுழலும் பொருளில் அந்தத் தள்ளலின் விளைவு கால்வட்டம் தள்ளிப் போய்த் தெரியும். முன்னால் தள்ளினால், சுழலும் திசையில் அடுத்ததாக வரும் வலப்பக்கம் உயரும். வலப்பக்கம் உயர்ந்தால் தட்டு இடப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே போய் இறங்கும். பம்பரம் விழப்போகும் நேரத்தில் நேராக விழாமல் வட்டம் போடுவதும் இதே காரணத்தால்தான்.

இடக்கைக்காரருக்கு எல்லாம் மறுபக்கம். வலக்கைக்காரரே கையை வெளிப்பக்கமிருந்து உள்ளே சுண்டி எறிந்தால் சுழற்சி எதிர்த்திசையாகும், தட்டு வலப்பக்கம் மடங்கும். சின்ன வயதில் குளத்துத் தண்ணீரில் தட்டைக்கல் எறிந்த எல்லோருக்கும் அந்தச் சுண்டல் கையில் இருக்கிறது. காட்டுக்குள் இரண்டு எறிதலும் தெரிந்தவருக்கு ஒரு பாலை மரத்தின் இடப்பக்கத்தாலும் போகலாம், வலப்பக்கத்தாலும் போகலாம்.

எறியும் முறை சுருக்கமாக இது. நான்கு விரலும் விளிம்பின் உட்பக்கம், பெருவிரல் மேலே. இலக்குக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். கையைப் பின்னுக்கு நீட்டி, தட்டை நெஞ்சுக்குக் குறுக்கே நேர்கோட்டில் இழுங்கள். முழங்கை முன்னால் வரும், அதன் பின் முன்கை, கடைசியில் மணிக்கட்டு. தட்டு தானாகக் கையைவிட்டுப் போகும். ஓடிவந்து எறிய வேண்டாம், நின்ற நிலையிலேயே எறியுங்கள். முன்விளிம்பு மேலே பார்த்தபடி விட்டால் தட்டு எழும்பி, கொப்பில் அடித்து, காலடியில் விழும். நம் காட்டில் கொப்புகள் இரண்டு ஆள் உயரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. முன்விளிம்பைக் கொஞ்சம் கீழே பார்க்க வைப்பதுதான் இங்கே முதலில் பழக வேண்டியது.

இடைவெளியைத் தெரிவது

2016இல் நெவாடாவின் திறந்த வெளியில் ஒரு வீரர் காற்றின் உதவியோடு 338 மீற்றர் எறிந்தார். காட்டுக்குள் அந்தக் கைக்கு வேலை இல்லை. அங்கே 40 மீற்றரை நேராக எறிபவர், 90 மீற்றரைக் கோணலாக எறிபவரை எப்போதும் வெல்வார்.

மரத்தில் பெரும்பகுதி வெற்றுக் காற்றுத்தான், குருட்டாம்போக்கில் எறிந்தாலும் போய்விடும் என்று இந்த விளையாட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. அது சரியில்லை. கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு 15 மீற்றர் முன்னால் இரண்டு பாலை மரங்கள், இடையில் 2 மீற்றர் வெளி. நடுவைக் குறிவைத்து எறிகிறீர்கள். தட்டின் பாதி அகலத்தையும் கழித்தால் இரண்டு பக்கமும் 90 சென்ரிமீற்றர்தான் பிழைவிடலாம். அது கோணத்தில் 3 பாகை சொச்சம். அதே 2 மீற்றர் வெளி 5 மீற்றர் முன்னால் இருந்தால் 10 பாகை பிழைவிடலாம். 30 மீற்றரில் என்றால் 2 பாகைகூட இல்லை. வெளியின் அகலத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதை அளக்கக் கருவி தேவையில்லை. கையை நேராக நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அது கண்ணுக்கு ஏறக்குறைய 10 பாகை. நடுவில் உள்ள மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் 5 பாகை. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு முட்டிக்குக் குறைந்த வெளியைக் குறிவைக்காதீர்கள். கூடை நேராகத் தெரிகிறது, ஆனால் வழியில் மூன்று விரல் வெளிதான் என்றால், கூடையை மறந்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒன்றரை முட்டி வெளியால் 35 மீற்றர் போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் காடு வேறு மாதிரித் திறக்கும்.

100 மீற்றரில் இருக்கும் கூடையை எடுத்துக்கொள்வோம். தேர்ந்தவர்களுக்கு அது மூன்று எறிதலில் முடிய வேண்டியது. நீங்கள் 40, 40, 20 என்று போய் நான்காவதில் கூடையில் போட்டால் ஒன்று மட்டுமே கூட. முதல் எறிதலிலேயே 90ஐத் தேடிப் போனால், தட்டு முதிரையில் மோதிப் பின்னால் வந்து பற்றைக்குள் விழும். அதிலிருந்து வெளியே வர ஒன்று, பாதைக்கு வந்தபின் இன்னொரு கோபத்து எறிதல், அதுவும் மரத்தில். ஏழு எட்டில்தான் முடியும். பாலை, முதிரை, வீரை எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள். தட்டு அவற்றில் அடிக்கும்போது வரும் "டொக்" என்ற சத்தமும் அது தெறிக்கும் வேகமும் பனையில் அடித்தால் வராது. அடிபட்ட தட்டை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். அரம் மாதிரி ஒரு சிலும்பு நிற்கும், அடுத்த எறிதலில் விரலைக் கிழிக்கும். உப்புத்தாளால் தேய்த்து எடுக்க விதி இடம் கொடுக்கிறது. இப்படி அடிபட்டுப் பழசான தட்டு, புதிதாக இருந்தபோது மடங்கியதைவிடக் குறைவாகவே மடங்கும். அதை எறிந்துவிடாதீர்கள், நேர் எறிதலுக்கு அதுதான் கைக்குள் வரும்.

பற்றைக்குள் விழுந்தால்

விழுந்த தட்டுக்குப் பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அடையாளத் தட்டை வைத்தால், அதற்குப் பின்னால் 20 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் நீளமுமான இடம் உங்களுடையது. எறியும் நேரத்தில் அதற்குள் ஒரு கால் ஊன்றியிருக்க வேண்டும். முழங்கால் போட்டு எறியலாம், இடக்கையால் எறியலாம், சக்கரம் மாதிரி நிலத்தில் உருட்டியும் விடலாம். மறைக்கும் கொப்பை முறிக்கவோ வளைத்துப் பிடிக்கவோ கூடாது. மரத்தில் தங்கிவிட்டால் அதற்கு நேர்கீழே நிலத்தில் குறித்து விளையாடுங்கள். மூன்று நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் தட்டுத் தொலைந்ததாகக் கணக்கு, ஒரு எறிதல் தண்டம். கூடையிலிருந்து 10 மீற்றருக்குள் எறிந்தால், எறிந்த பின் நிலை தடுமாறாமல் நின்றுவிட்டுத்தான் முன்னால் போகலாம். கூடைக்கு அதிக தூரத்தில் நிற்பவர் முதலில் எறிவார். மற்றவர்கள் அவருக்கு முன்னால் நிற்கக் கூடாது. 175 கிராம் தட்டு கன்னத்தில் பட்டால் எலும்பு உடையலாம்.

வீரத்தனமான எறிதல்கள் பிறப்பதும் பற்றைக்குள்தான், புள்ளிகள் கெடுவதும் அங்கேதான். உள்ளே இருந்து கூடையைத் தேடாதீர்கள். பாதை எந்தப் பக்கம் கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கம் புட்டரால் இடுப்பளவில் மெல்லத் தள்ளி வெளியே வாருங்கள். பின்னுக்குப் போவதாக இருந்தாலும் சரி.

விதிப்புத்தகத்தில் நமக்கென்றே எழுதியதுபோல ஒரு விதி உண்டு. தீங்கு செய்யும் பூச்சியோ மிருகமோ நிற்கும் இடத்தில் தட்டு விழுந்தால், கூடைக்குரிய நேர்கோட்டில் பின்னுக்கு வந்து தண்டமில்லாமல் எறியலாம். முசுறுக்கூடு, குளவிக்கூடு, சருகுக்குள் சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பு எல்லாம் இதற்குள் வரும். சருகுக்குள் கையை விடாதீர்கள், தடியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். மூடிய சப்பாத்துப் போடுங்கள். வடலிக்குள் தட்டு விழுந்தால் பனங்கருக்கு கையைக் கிழிக்கும், சூரைப் பற்றையானால் உடுப்பே மிஞ்சாது. இரண்டுக்கும் அந்தத் தடிதான். பாலை பழுக்கும் காலத்தில் கரடி அந்தப் பழத்துக்கு வரும், ஆகவே பெருங்காட்டை ஒட்டிய காணிகளில் விடியக்காலையும் பொழுதுபடும் நேரமும் வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள பக்கங்களிலும் அப்படியே.

எல்லாவற்றுக்கும் முன்னால் மிதிவெடி

மேலே சொன்ன அத்தனை விதிக்கும் முன்னால் வன்னியில் ஒரு விதி இருக்கிறது. வெடி அகற்றியது என்று உறுதியாகத் தெரியாத நிலத்தில் விளையாடக் கூடாது. மற்ற நாடுகளில் தட்டுப் பற்றைக்குள் போனால் யோசிக்காமல் உள்ளே போவார்கள். நாம் அப்படிப் போக முடியாது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஊர்மனைகளும் வயல்களும் முதலில் துப்புரவாக்கப்பட்டன. காட்டை ஒட்டிய பின்பக்கங்கள் பிந்தியே வந்தன. நமக்கு விளையாடப் பிடித்த இடம் அந்தப் பின்பக்கம்தான்.

காணிக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எந்த எல்லைவரை வெடி அகற்றிக் கையளித்தார்கள்? அதற்குள் எதுவரை உழுதிருக்கிறீர்கள்? மாடு போகிற பாதை, விறகுக்குப் போகிற பாதை என்பதெல்லாம் உத்தரவாதம் இல்லை. தெரியாவிட்டால் கிராம அலுவலரிடம் கேட்கலாம். சிவப்புப் பலகையும் மண்டையோட்டுக் குறியும் உள்ள பக்கத்துக்கு எறியும் திசையே இருக்கக் கூடாது. உலோகமோ பிளாஸ்டிக்கோ இனந்தெரியாத ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பிப் போய் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இதை விளையாட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். விதியில் எல்லைக்கு வெளியே என்று ஒன்று உண்டு. தட்டு எல்லையைத் தாண்டினால் ஒரு எறிதல் தண்டம், தாண்டிய இடத்துக்கு ஒரு மீற்றர் உள்ளே வந்து விளையாடலாம். உறுதியாகத் தெரிந்த நிலத்தின் ஓரத்துக்கு நல்ல தூரம் உள்ளேயே, மரத்துக்கு மரம் வெள்ளைக் கயிற்றைக் கட்டி அதை எல்லையாக வையுங்கள். கயிற்றுக்கு அப்பால் போன தட்டு எவ்வளவு விலைகொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அங்கேயே கிடக்கட்டும். பிள்ளைகள் கூட வந்தால் இதை முதலில் சொல்லிக்கொடுத்து, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகுதான் கையில் தட்டைக் கொடுக்க வேண்டும்.

சொந்தக் காணியில் மூன்று கூடை

18 கூடைக்குப் பல ஏக்கர் வேண்டும். மூன்று கூடைக்குக் காணியின் பின்பாதி போதும். முதலில் காணியின் நிலையைப் பாருங்கள். உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா, வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது? நம் பக்கத்தில் இந்த எல்லைகளால் எத்தனையோ குடும்பங்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. நல்ல மரம் ஒன்றையும் வெட்டத் தேவையில்லை. கீழே மண்டியிருக்கும் காரையையும் சூரையையும் நடைபாதை அகலத்துக்கு வெட்டினால் போதும், மரங்கள் நின்றால்தான் விளையாட்டு.

கூடையை இரும்பு ஒட்டும் கடையில் செய்விக்கலாம். மேலே சங்கிலி தொங்க ஒரு பழைய சைக்கிள் ரிம் பொருந்தும். நடுவில் இரும்புக் குழாய், கீழே இடுப்புக்குச் சற்றுத் தாழ்வாகக் கம்பியில் பின்னிய கூடை. சங்கிலி மெல்லியதாகவும் தளர்வாகவும் தொங்க வேண்டும். கனமான சங்கிலியை இறுக்கிக் கட்டினால் தட்டு பட்டவுடன் வெளியே தெறிக்கும். மேலே ரிம்மில் பன்னிரண்டு சங்கிலியைக் கட்டி, கீழ்முனைகளைக் குழாயைச் சுற்றி ஒரு வளையத்தில் சேருங்கள். வெளிச்சுற்றுக்குள் இன்னொரு சுற்று இருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். முதல் கூடையை 40 மீற்றரில் திறந்த பாதையில் வையுங்கள். இரண்டாவதை 60 மீற்றரில், நடுவில் ஒரு பெரிய மரம் நிற்க. மூன்றாவது வளைவான பாதையில் 70 மீற்றர். ஒரு பாதையில் எறிந்த தட்டு மற்றப் பாதையில் நடப்பவர்மேல் போகாதபடி மூன்றையும் விரித்துப் போடுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் நின்று எறிவது பெரும்பாடு, காட்டுக்குள் அந்தக் காற்றுப் பாதிதான் வரும். வைகாசியிலிருந்து ஆவணி வரை விளையாட நல்ல காலம், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் பாதை சேறு. ஆகவே குழாயை நேரே நிலத்தில் நடாதீர்கள். அலவாங்கால் கிடங்கு கிண்டி (உழுது பழகிய நிலத்தில் மட்டும்), கூடைக் குழாய் உள்ளே போகிற அளவில் ஒரு அகலமான குழாயைச் சீமெந்தில் இறுக்கி, நிலமட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். மழைக்கு முன் கூடையைத் தூக்கி மாட்டுக்கொட்டிலில் சாத்திவைத்து, குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்துவிடலாம். அடைக்காவிட்டால் அதற்குள் தேளும் மட்டத்தேளும் குடியேறும்.